அந்த ஊசி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

நெஞ்சுவலி வந்தால் நேரே தஞ்சாவூருக்குக் கொண்டு போய்விட வேண்டும் என்ற எண்ணம் எங்கள் வேதாரண்யம் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணமே உயிரை வாங்குகிறது.

தஞ்சாவூர் இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இதயத்தின் ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்திலேயே தசை சாக ஆரம்பித்துவிடும். மெல்லிய குழாயை உள்ளே விட்டு அடைப்பை விரித்துவிடும் ஆஞ்சியோபிளாஸ்டிதான் சிறந்த சிகிச்சை, சரி. ஆனால் ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய வழியில்லை என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தாமதிக்காமல் போட வேண்டும் என்பதே இதய மருத்துவர்களின் நெறிமுறை. போட்ட கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ (ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் எக்ஸ்ரே படம்) பார்க்கலாம். சின்ன மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு 108 மூலம் இணைத்து, தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்ததாக 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது.

எங்கள் தெருவில் உப்பளத்து வேலைக்குப் போகிற அண்ணன் ஒருவர். விடியற்காலையில் நெஞ்சைப் பிசைந்தது, தாடை வரை இழுத்தது, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வாயுப்பிடிப்பு என்று சோடா கொடுத்தார்கள், அப்புறம் ஓமத்தண்ணி. விடிந்ததும் பக்கத்து கிளினிக்கில் 'கேஸ்'ஸுக்கு ஓர் ஊசி. அங்கே ஈ.சி.ஜி. மெஷினே கிடையாது. கடைசியில் வாடகைக் கார் பிடித்து, வழியிலிருந்த அரசு மருத்துவமனைகளை எல்லாம் தாண்டித் தஞ்சாவூர் போனார்கள். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் ஒரு பாத்தி உப்பு வாருவதற்குள் மூச்சு வாங்குகிறது. அந்த வீட்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் உண்மையிலேயே நல்ல திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று 14 மாத்திரைகளை உடனே கொடுக்கிறார்கள். ஆனால் அவை கட்டி வளராமல் தடுப்பவை. அடைப்பைக் கரைக்க ஊசிதான் வேண்டும். மாத்திரை போட்டதும் வலி குறைந்துவிட்டது என்று யாரும் வீடு திரும்பிவிடக் கூடாது.

ஊசி இருந்தும் போடத் தயங்குகிற டாக்டரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு அதனால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம். ராத்திரி டூட்டியில் தனியாக இருக்கும் இளம் டாக்டர், ஏதாவது ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் அடிக்க வருவார்களோ என்று பயந்து 'ரெஃபர்' எழுதினால் அவரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? ஈ.சி.ஜி.யை வாட்ஸ்அப்பில் பார்த்து "போடுங்கள், நான் பொறுப்பு" என்று சொல்ல, மருத்துவக் கல்லூரியில் ஓர் இதய மருத்துவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

இன்னொன்று, எந்தெந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் அந்த ஊசி போடுவார்கள் என்று ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாகக்கூட மாரடைப்பு வரும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.