கஷ்டப்பட்டவர்கள் எழுதிய புத்தகங்களில் நான் தேடுவது

திருகோணமலையில் இருந்துகொண்டு கஷ்டத்தைப் புத்தகத்திலும் தேட வேணுமா என்று கேட்கிறார்கள். வீட்டிலும் கேட்கிறார்கள், நான் வாங்கும் புத்தகங்களைப் பார்க்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் தேடுவது கஷ்டத்தை அல்ல. அது நடந்துகொண்டிருந்தபோது அந்த ஆள் காலையில் எழும்பி என்ன செய்தார், எதைக் கொடுத்து எதை வாங்கினார், யாரோடு எதற்குச் சண்டை பிடித்தார் என்பதைத்தான். பின்னட்டையிலேயே நம்பிக்கை, வெற்றி, விடாமுயற்சி என்று மூன்றும் சேர்ந்து நின்றால் அந்தப் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

எங்கள் மாவட்டத்தோடு ஒட்டிய பழைய கஷ்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. எழுதியவர் வெள்ளைக்காரர், ரொபர்ட் நொக்ஸ். புயலில் பாய்மரம் போன ‘ஆன்’ என்ற கப்பலைத் திருத்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த இடத்தில், 1660இல் மூதூர்ப் பக்கம் இவரும் இவருடைய தகப்பனும் கண்டி ராசாவின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார்கள். தகப்பன் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டதாக எழுதியிருக்கிறார். மகன் கிட்டத்தட்ட இருபது வருஷம் மலைநாட்டில் கைதியாகக் கிடந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் லண்டனில் புத்தகம் வந்தது.

அதில் எனக்கு மறக்காத இடம் தகப்பனின் சாவு. மகனும் காய்ச்சலில்தான் கிடக்கிறார். பிரேதத்தைத் தூக்க உதவி கேட்டால், ஊர் ஆட்கள் மாடு கட்டும் பெரிய கயிற்றைக் கொண்டுவருகிறார்கள், கழுத்தில் போட்டுக் காட்டுக்குள் இழுத்துவிட. அவர் சம்மதிக்கவில்லை. கூலி பேசி ஆள் பிடித்து அடக்கம் செய்கிறார். அப்புறம் இன்னொரு இடம். ஒரு கிழவரிடம் இங்கிலீசு பைபிள் ஒன்று இருக்கிறது என்று தெரியவருகிறது. தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிவிடுகிறார். தொப்பி பின்னி விற்றது, நெல்லை வட்டிக்குக் கொடுத்தது என்று பிழைப்புக் கணக்கையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அவருடைய கண்ணீரை நான் நம்பியிருக்க மாட்டேன்.

இதே மனுஷன்தான் ஊர் திரும்பியதும் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலுக்குத் தலைவனாகி, அடிமைகளை வாங்க மடகஸ்கருக்குப் போனார். கஷ்டம் மனுஷரைப் புடம் போடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இவரை ஒருக்கால் வாசித்துவிட்டுப் பேசலாம். கஷ்டம் சிலரை நல்லவராக்கும், சிலரைக் கெட்டவராக்கும், பெரும்பாலானோரைக் களைக்க வைக்கும். அவ்வளவுதான்.

இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவி, தான் கைதியாக இருந்த நாஜி முகாமைப் பற்றி எழுதியதில் நான் திரும்பத் திரும்பப் போகும் பகுதி கரண்டி பற்றியது. புதிதாக வந்த கைதிக்குக் கரண்டி கொடுப்பதில்லை. தன் பங்குப் பாணில் பாதியைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சூப்பை நாய் மாதிரி நக்கிக் குடிக்க வேண்டும். முகாம் விடுபட்ட பிறகு பார்த்தால், கிடங்கில் ஆயிரக்கணக்கில் கரண்டிகள் கிடந்தனவாம். கொடுமை என்ற சொல்லே இல்லாமல் கொடுமை விளங்கிவிடுகிறது. அவருடைய முதல் புத்தகம் 1947இல் சின்னப் பதிப்பகம் ஒன்றில் 2,500 பிரதிதான் அச்சானது. அப்போது அதைக் கேட்க அவ்வளவு ஆட்கள் இல்லை.

சோனாலி தெரணியகலையின் ‘வேவ்’ வேறு ரகம். 2004 டிசம்பர் 26இல் யாலவில் தாய், தகப்பன், கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லாரையும் கடலுக்குக் கொடுத்தவர். நிலாவெளிக் கரையில் அதே காலையைப் பார்த்த எங்களுக்கு அதைத் திறக்கவே ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அவர் எங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. கொழும்பில் பெற்றோர் வாழ்ந்த வீட்டில் வாடகைக்கு வந்த ஒரு டச்சுக் குடும்பத்தை, இரவில் போய் மணி அடித்தும் தொலைபேசி எடுத்தும் துன்புறுத்தியதை அப்படியே எழுதியிருக்கிறார். துக்கம் வந்தால் மனுஷர் சாந்தமாகிவிடுவார்கள் என்று சினிமா எங்களுக்குப் பழக்கிவைத்திருக்கிறது. உண்மையில் செத்தவீடுகளில் நடப்பது எங்களுக்குத் தெரியாததா?

எங்கள் போரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளை நாங்கள் வாசிக்கும் விதம்தான் எனக்குப் பெரிய ஆத்திரம். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015இல் இறந்தார், அவருடைய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வந்தது. வந்த நாளிலிருந்து, அவர் எழுதியது எவ்வளவு, பிறர் கைவைத்தது எவ்வளவு, இது யாருக்குச் சாதகம் என்றுதான் கதைத்தோம். அந்தக் கேள்விகள் கேட்கப்பட வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சிறைப் பக்கங்களைப் பற்றி யாராவது உட்கார்ந்து பேசியதை நான் கேட்டதேயில்லை. எல்லாரும் சட்டத்தரணிகளாகிவிட்டோம், வாசகர் ஒருவரும் மிஞ்சவில்லை.

என் பெரியம்மா சம்பூர். 2006இல் வெளிக்கிட்டு வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமில் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே வருஷக்கணக்கில் இருந்துவிட்டு 2015க்குப் பிறகுதான் காணிக்குத் திரும்பினார். படிவத்தோடு வந்தவர்களுக்குச் சொல்வதற்கென்று அவரிடம் ஒரு கதை இருக்கிறது. திகதி, செல் விழுந்த இடம், போன மாடுகள். மனப்பாடம். எனக்குச் சமைத்துக்கொண்டே சொன்னது வேறு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பெண்கள் ஒருவரும் தண்ணீர் குடிக்க மாட்டார்களாம், இரவில் மலசலகூடத்துக்குத் தனியே போகப் பயத்தில். “விக்கல் எடுத்தாலும் குடிக்க மாட்டம், எச்சிலை விழுங்கிக்கொண்டு கிடப்பம்” என்றார். வெங்காயம் நறுக்கியபடியே, ஏதோ சமையல் குறிப்புச் சொல்வது போல. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. எழுதுங்கோ பெரியம்மா என்றால், “உனக்கு வேறை வேலை இல்லையோ” என்கிறார்.

அதனால் கேட்கிறேன். மூதூர், சம்பூர், குச்சவெளி, கிண்ணியா, தம்பலகாமம் எங்கேயாவது யாராவது தங்கள் கையால் எழுதிவைத்தது இருந்தால், 64ஆம் ஆண்டுப் புயல் பற்றியோ முகாம் காலம் பற்றியோ, கடைக் கணக்குக் கொப்பியின் ஓரத்தில் கிறுக்கியதாக இருந்தாலும், தயவுசெய்து எறியாதீர்கள். ஸ்கேன் பண்ண வசதியில்லாவிட்டால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நான் வந்து செய்து கொப்பியைத் திருப்பித் தருகிறேன். நீங்கள் சம்மதித்தால் மட்டும், ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்குக் கொடுப்போம். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாமல் அப்படியே தாருங்கள்.