பெயர் அவளுடையது, தீ அவர்களுடையது

ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டை இடிபாட்டின் படத்தைப் போட்டு ‘என்ன அழகு!’ என்று யாராவது எழுதினால் எனக்கு லீசலோட்டே நினைவு வந்துவிடும். 1652-இல் அந்த ஊரில் பிறந்தவர், கோட்டைக்காரர் மகள்.

அப்பா கார்ல் லுட்விக், ஹைடல்பர்க் இருந்த பலட்டினேட் என்ற ஜெர்மானிய நாட்டை ஆண்டவர். மனைவி இருக்கும்போதே அவருடைய பணிப்பெண்ணையே இன்னொரு மனைவியாக்கிக்கொண்டார். வீடு ரெண்டுபட்டது. 7 வயதில் லீசலோட்டே ஹனோவரில் இருந்த சோஃபி அத்தையிடம் போனார். அங்கே இருந்த நான்கு வருடத்தைத்தான் கடைசிவரை இனிக்க இனிக்க நினைத்துக்கொண்டிருந்தார்.

19 வயதில் மதம் மாற்றி, பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் தம்பி ஃபிலிப்புக்குக் கட்டிவைத்தார்கள். சம்பந்தியாகிவிட்டால் பிரான்ஸ் நம் மேல் கைவைக்காது என்பது அப்பாவின் கணக்கு. மாப்பிள்ளைக்கோ பெண்கள்மேல் நாட்டமே கிடையாது.

1685-இல் லீசலோட்டேயின் அண்ணன் வாரிசில்லாமல் இறந்ததும், ‘பலட்டினேட்டில் என் தம்பி மனைவிக்கும் பங்குண்டு’ என்று கிளம்பினார் லூயி. லீசலோட்டே கேட்கச் சொன்னாரா? இல்லை. 1688-இல் படை போனது. அடுத்த ஆண்டு ஹைடல்பர்க் எரிந்தது, அதே நாட்டின் இன்னொரு ஊரான மான்ஹைம் தரைமட்டம். 1693-இல் ஹைடல்பர்க்குக்கு மறுபடியும் தீ.

அத்தைக்கு எழுதுகிறார்: கண் அயர்ந்ததும் ஹைடல்பர்க்கிலோ மான்ஹைமிலோ நிற்கிறேன், அழிவெல்லாம் தெரிகிறது, திடுக்கிட்டு விழித்தால் இரண்டு மணி நேரம் தூக்கமே வருவதில்லை. என் பெயரைச் சொல்லி அந்த ஏழைகளை நாசமாக்கினார்கள், அதற்கு நான் அழுதால் இங்கே தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறந்த வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்று கட்டிக்கொடுத்த பெண். அவர் பெயரைச் சொல்லியே அந்த வீட்டைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவருடைய வெர்சாய் அரண்மனையில்தான் அவர் தினமும் சாப்பிட உட்கார வேண்டும். பலர் இவரை வாயாடி, வம்புக் கடிதக்காரி என்று மட்டுமே பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. வம்பு இருக்கிறது, நிறையவே. அரசரின் அந்தரங்க மனைவி மேன்டனானைக் ‘கிழவி’ என்று திட்டுவார். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தும் திட்டுவார்! 1692-இல், அரசருக்கு முறை தவறிப் பிறந்த மகளைக் கட்டிக்கொள்ள மகன் சம்மதித்ததும், எல்லார் முன்னாலும் அவனை அறைந்தார் என்பார்கள்.

ஆனால் அந்தக் கடிதக்கட்டுகளை எடைபோட்டால் வம்பைவிட ஏக்கம்தான் கனக்கும். தேநீர், காப்பி, சாக்லேட் எதுவும் பிடிக்கவில்லை. ஊர்ப் புளித்த முட்டைக்கோஸும் பீர் சூப்பும்தான் வேண்டும். 1722-இல் சாகும்வரை பிரான்சிலேயே இருந்தார், அரை நூற்றாண்டு. கடைசி மாதங்கள்வரை ஜெர்மனிக்குக் கடிதம் போய்க்கொண்டேதான் இருந்தது, ஜெர்மன் மொழியில்.