இரவல் போன ஸ்பிரேயர்

சின்ன விவசாய ஊரில் "தர முடியாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கேட்பவர் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும், அடுத்த வாரம் அவருடைய டிராக்டர் நமக்கு வேண்டும். அதனால் மருந்தடிக்கும் ஸ்பிரேயரை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

திரும்பி வரும் கோலம்தான் தாங்கவில்லை. தோளில் மாட்டும் வார் அறுந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். மருந்து பீய்ச்சும் முனையான நாசில் அடைத்திருந்தால் குத்தி எடுத்துவிடலாம். (ஒருமுறை நாசிலே இல்லாமல் வந்தது, கேட்டதற்கு "முன்னாடியே இல்லையே" என்று பதில்.) ஆனால் களைக்கொல்லி அடித்துவிட்டு டேங்க்கைக் கழுவாமல் கொண்டுவந்து வைக்கிறார்களே, அதை என்ன செய்வது? 2,4-டி என்ற களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து. நெல், சோளம் போன்ற புல் இனப் பயிரில் களை எடுக்க அடிப்பது. டேங்க்கிலும் ரப்பர் குழாயிலும் தங்கிய மிச்சம் கொஞ்சம் இருந்தாலே போதும், அடுத்து அதே ஸ்பிரேயரில் தக்காளிக்கோ பருத்திக்கோ பூச்சிமருந்து அடித்தால் இலையெல்லாம் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். நாம் வைரஸ் நோய் என்று அலைந்துகொண்டிருப்போம்.

சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டு மூன்று தரம் அலசி, குழாய் வழியாகவும் பீய்ச்சி வெளியேற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்கு நேரமில்லை. நம் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று விசாரிக்க மட்டும் நேரம் இருக்கிறது.

வாங்கிப் போனவரே வந்து, "உங்க ஸ்பிரேயர் சரியில்லையே, புதுசு வாங்கலாமே" என்கிறார்.