நம்பிப் பாப்பம் எண்டு தான் நான் சொல்லுவன்

அநுர குமார திசாநாயக்க 2024 இல இலங்கை ஜனாதிபதியா வந்ததில எனக்கு உண்மையாவே ஒரு நம்பிக்கை வந்திருக்கு, அத மறைக்க விரும்பேல்லை. எங்கட தமிழ் ஆக்கள் கனபேர் இராமன் ஆண்டா என்ன இராவணன் ஆண்டா என்ன எண்டு ஒதுங்கி நிக்கினம். ஏமாந்து ஏமாந்து வந்த சலிப்பு அது, எனக்கும் விளங்குது, ஆனா இந்த முறை நடந்தத கொஞ்சம் நிண்டு பாக்கோணும்.

2019 நவம்பரில கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாப் பதவியேற்ற இடம் ஞாபகம் இருக்கா? அநுராதபுரம் ருவன்வெலிசாய. தமிழ் மன்னன் எல்லாளன வெண்ட சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டின தாதுகோபம். அங்க நிண்டு தான், சிங்கள மக்கள்ட வாக்கால தான் வெண்டனான் எண்டு அவர் சொன்னவர், டிவியில பாத்த எங்களுக்கு இது உங்கட நாடு இல்லை எண்டு முகத்துக்கு நேர சொன்ன மாதிரித் தான் இருந்தது. அநுர 2024 செப்டெம்பர் 23 பதவியேற்றது கொழும்பு காலிமுகத்திடலுக்கு முன்னால இருக்கிற ஜனாதிபதி செயலகத்தில, 2022 ஜூலையில சனம் உள்ள பூந்து பிடிச்ச அதே கட்டடத்தில. தான் ஒரு மந்திரவாதி இல்லை, தெரிஞ்சதும் இருக்கு தெரியாததும் இருக்கு எண்டு சொன்னவர். இப்பிடிச் சொல்லி ஒருத்தர் பதவிக்கு வந்து நான் பாத்ததில்லை.

மாமன் மருமகன், தாய் மகள், அண்ணன் தம்பி எண்டு மாறி மாறி ஆண்ட நாடு இது. தம்புத்தேகமவில நில அளவைத் திணைக்களத் தொழிலாளியின்ர மகன் அந்தக் கதிரையில இருக்கிறது சின்ன விசயமில்லை. 2019 இல இவருக்குக் கிடைச்சது 3 வீதம் சொச்சம், 2024 இல விருப்பு வாக்கு எண்ண முந்தின முதல் எண்ணிக்கையிலயே 42 வீதம். 2022 இல காஸுக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்கா லைன்ல நிண்ட தெற்குச் சனம், இனவாதம் பேசினவங்களத் தூக்கி எறிஞ்சுபோட்டு வேற ஒருத்தருக்கு வாக்குப் போட்டிருக்கு. என்ர நம்பிக்கை அநுரவ விட அந்தச் சனத்தில தான் கூட.

அநுரவின்ர கட்சி ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) எங்களுக்குச் செய்தது தெரியாதா எண்டு கேப்பினம். தெரியும். 1987 இலங்கை-இந்திய ஒப்பந்தத்த எதிர்த்தது, 2005 இல மஹிந்த ராஜபக்சவ ஜனாதிபதியாக் கொண்டுவர நிண்டது, வழக்குப் போட்டு 2006 இல வடக்கையும் கிழக்கையும் பிரிச்சது, ஒண்டையும் மறக்கேல்லை. யாழ்ப்பாணத்தில அவருக்கு 7 வீதமளவில தான் விழுந்தது எண்டா காரணம் இல்லாமலா? ஆனா 87-89 இல ஜேவிபி கிளர்ச்சி செய்யேக்க அவையின்ர பெடியளும் ஆயிரக்கணக்கில பிடிபட்டுக் காணாமல் போனவங்கள், தெற்கிலயும் பிள்ளையத் தேடி முகாம் முகாமா அலைஞ்ச தாய்மார் இருக்கினம். 2017 இல இருந்து ரோட்டோரம் காணாமல் போன பிள்ளையின்ர படத்தோட இருக்கிற எங்கட அம்மாமாரின்ர வலி, அந்தக் கட்சியில இருக்கிற ஆருக்காவது விளங்காமலா போகும்? விளங்கும் எண்டு தான் நான் நம்புறன். பிறகு ஹரிணி அமரசூரியவப் பிரதமராப் போட்டது. சிறிமாவோ, சந்திரிகாவுக்குப் பிறகு மூண்டாவது பொம்பிளை, அதுவும் அரசியல் குடும்பம் எதிலயும் இல்லாத ஒரு விரிவுரையாளர். என்ர மகள் பாக்கிற வயசில இது நடந்தது எனக்குப் பெரிய சந்தோசம்.

கேக்க வேண்டியதக் கேப்பம். 1979 இல தற்காலிகமா எண்டு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அநுர வரேக்கையும் கிடந்தது, எடுப்பம் எண்டு அவையே தேர்தல் விஞ்ஞாபனத்தில எழுதினவை, எடுக்கோணும். வலிகாமம் வடக்கில ஆமி பிடிச்சு வச்சிருக்கிற காணியும் இருக்கு, அரசியல் கைதிகளும் இருக்கினம். மாகாணசபைத் தேர்தல் நடந்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சு.

பாராளுமன்றத்தக் கலைச்சு 2024 நவம்பர் 14 தேர்தலும் நடந்து முடிஞ்சுது. இனி வாற தேர்தல்களில அநுரவின்ர ஆக்கள் யாழ்ப்பாணத்தில ஆரை நிறுத்தினம், அவை இந்தக் காணி விசயத்தையும் காணாமல் போன பிள்ளையளின்ர விசயத்தையும் மேடையில வாய் திறந்து கதைக்கினமோ எண்டு பாப்பன். கதைச்சா என்ர வாக்கு அவைக்குத் தான்.