அவர் வராத நாளில் எது நிற்கிறது?

ஓர் அலுவலகமோ சங்கமோ தன்னார்வக் குழுவோ தன்னை "அனைவரையும் உள்ளடக்கியது" என்று சொல்லிக்கொள்ளும்போது நான் அதன் உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பதில்லை. பட்டியலில் எல்லோரும் இருப்பார்கள். குழுப் படத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர் முன்வரிசையில் நடுநாயகமாகவே அமர்த்தப்பட்டிருப்பார். நான் கேட்பது வேறொன்று: அவர் நாளைக்கு வராவிட்டால் அங்கே எந்த வேலை தடைபடும், யார் அவரைத் தேடுவார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினார்கள் என்றால், அவருக்கு அங்கே நாற்காலி இருக்கிறது, பங்கு இல்லை என்று எடுத்துக்கொள்வேன். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சற்று நீளமானது; பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

நம்மில் பெரும்பாலானோர், நல்லெண்ணம் உள்ளவர்கள் உட்பட, உள்ளடக்குதல் என்பதைக் கூட்டல் கணக்காகவே புரிந்துவைத்திருக்கிறோம். ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் இதுவரை இல்லாத ஒருவரைச் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த ஏற்பாடே ஒரு குறிப்பிட்ட வகை மனிதரை மனத்தில் வைத்து உருவானது என்பது கண்ணில் படுவதில்லை. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காரக்கூடிய, வீட்டில் கவனித்துக்கொள்ளக் குழந்தையோ நோயாளியோ இல்லாத, கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லக்கூடிய, அலுவலக மொழியைப் பிசிறின்றிப் பேசக்கூடிய ஒருவருக்காகவே வேலை நேரமும் கூட்டமும் நேர்காணலும் பதவி உயர்வும் அமைந்திருக்கின்றன. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் எதிர்ப்பதாவது எளிதாக இருந்திருக்கும்.

சாதாரணமான ஒரு கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் செவித்திறன் குறைவு, உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பின்தொடர்கிறார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். மூன்றாமவர் பலகையில் எழுதியபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு, முக்கியமான ஒன்றைச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் பக்கத்திலிருப்பவரிடம் என்னவென்று கேட்க, "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்ற பதில் வருகிறது. அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதேயில்லை. வந்தாலும் அரை மணி நேர விவாதம் ஒற்றை வரியாகச் சுருங்கி வருகிறது. என்ன முடிவானது என்பது அவருக்குத் தெரிகிறது, ஏன் அப்படி முடிவானது என்பது தெரிவதில்லை. ஏன் என்று தெரியாதவரால் எதிர்வாதம் செய்ய முடியாது. எதிர்வாதம் செய்யாதவரைப் பற்றி ஆண்டிறுதி மதிப்பீட்டில் "கூட்டங்களில் பங்கேற்பு போதாது" என்று எழுதுவார்கள். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை; அதனாலேயே இது மாறுவதுமில்லை.

இதற்கான மருந்து விலை உயர்ந்ததன்று. பேச நினைப்பவர் கையை உயர்த்திவிட்டு, முகம் தெரியும்படி பேச வேண்டும். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்க வேண்டும். பேசப்போகும் விஷயங்களை முதல் நாளே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். காணொளிக் கூட்டமானால் நேரடி வசன வரிகளை இயக்கிவைக்க வேண்டும். நான் பங்கேற்கும் ஒரு குழுவில் இந்த வழக்கம் வந்தபோது, காது நன்றாகக் கேட்பவர்களில் பலருக்கும் இதனால் பயன் கிடைத்தது. கூச்ச சுபாவம் உடையவர்களும், அந்த மொழியைப் பிற்காலத்தில் கற்றவர்களும், தொலைபேசி வழியே கலந்துகொண்டவர்களும் அதுவரை இல்லாத அளவுக்குப் பேசத் தொடங்கினார்கள். கூட்டங்கள் முன்பைவிட மெதுவாகத்தான் நடக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காக முணுமுணுப்பவர்களும் இருக்கிறார்கள். முன்பிருந்த வேகத்துக்கு யார் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஊர் முழுவதுமே இப்படித் தன்னை மாற்றிக்கொண்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்திலுள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், பரம்பரைக் காரணத்தால் பிறவியிலேயே காது கேளாதோர் மிகுதியாக இருந்தார்கள்; சில்மார்க் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர். அங்கே காது கேட்பவர்களும் சிறு வயதிலேயே சைகை மொழியைக் கற்றார்கள். காது கேளாதவர் யாரும் அருகில் இல்லாதபோதும், ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் செய்தி சொல்ல அதையே பயன்படுத்தினார்கள். காது கேளாதவர்கள் மற்றவர்களைப் போலவே மீன் பிடித்தார்கள், நிலத்தில் உழைத்தார்கள், ஊர்க் காரியங்களில் கலந்துகொண்டார்கள். அந்தப் பரம்பரைக் காரணத்தால் காது கேளாதவராகப் பிறந்த கடைசி நபர் 1952இல் இறந்தார். பின்னாளில் மானுடவியல் ஆய்வாளர் ஒருவர் தீவின் முதியவர்களிடம் விசாரித்தபோது, அவர்கள் அந்த மனிதர்களை மீனவர்களாகவும் அண்டைவீட்டாராகவுமே நினைவில் வைத்திருந்தார்கள். காது கேளாமையைப் பற்றி எடுத்துக் கேட்ட பிறகுதான் அதுவும் ஞாபகத்துக்கு வந்தது. சலுகை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போனதற்குக் காரணம், பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் பொறுப்பைக் காது கேட்பவர்களும் சேர்ந்து சுமந்ததுதான்.

பணியிடம் என்று வரும்போது, ஸ்டெஃபனி ஷெர்லியின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நாஜிகளின் பிடியிலிருந்து காப்பாற்றப்பட்டு, 1939இல் ஐந்து வயதில் ரயிலேற்றி அனுப்பப்பட்டு பிரிட்டனுக்கு வந்த அகதிக் குழந்தை அவர். 1962இல் வெறும் 6 பவுண்டு முதலீட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கி, திருமணமோ குழந்தையோ ஆனதும் கணினித் துறையைவிட்டு விலக நேர்ந்த பெண்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய அமர்த்தினார். தன் பெயரில் அனுப்பிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திடத் தொடங்கினார். பதில்கள் வரத் தொடங்கின. தொலைபேசியில் பேசும்போது வீட்டுக் குழந்தைகளின் சத்தம் வெளியே தெரியாமலிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார். முதலில் சேர்ந்த 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள்.

இவை மேடைதோறும் சிரிப்பும் கைதட்டலுமாகச் சொல்லப்படும் செய்திகள். ஆனால் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் கணக்கு எழுதும் முறையில் இருந்தது என்பேன். மணிநேரத்துக்கு இவ்வளவு என்று கேட்காமல், ஒரு திட்டத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசினார். அக்காலத்தில் அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர். அந்த ஒரு மாற்றத்தால், வேலையை யார், எந்த நேரத்தில், எத்தனை மணிநேரம் செய்கிறார்கள் என்பது வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத விவரமாகிவிட்டது. குழந்தை தூங்கிய பிறகு ஒருத்தி எழுதலாம், விடிவதற்கு முன் இன்னொருத்தி சரிபார்க்கலாம். இப்படிச் சிதறிக் கிடப்பவர்களை வைத்து வேலை வாங்க வேண்டுமானால், ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும், தரத்தை எப்படிச் சோதிப்பது என்பதும் எழுத்தில் தெளிவாக இருந்தாக வேண்டும். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்கள்கூட அப்படி வீடுகளிலிருந்தே எழுதப்பட்டன. பிரிட்டனில் 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கே முன்னுரிமை தரும் அவருடைய கொள்கை சட்டவிரோதமாகி, ஆண்களையும் சமமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று என்பது வரலாற்றின் குறும்பு. பின்னர் தன் பங்குகளில் ஒரு பகுதியைப் பணியாளர்களுக்கே கொடுத்தார்; அதனால் அவர்களில் 70 பேர் மில்லியனர்கள் ஆனார்கள். பன்முகத்தன்மை நாளுக்குச் சுவரொட்டி ஒட்டுபவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

"எல்லாம் சரி, தகுதி என்ன ஆவது?" என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். இசைக்குழுக்களின் அனுபவம் இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் முன்னணி இசைக்குழுக்கள் 1970களிலும் அதற்குப் பிறகும், ஆள்சேர்ப்பின்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் அமர்த்தின. காலணி ஓசை வாசிப்பவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையில் விரிப்பும் போட்டார்கள். அங்குள்ள தலைசிறந்த ஐந்து குழுக்களில் 1970இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்களின் பங்கு, 1990களின் இறுதியில் கால்பங்கை எட்டியது. இந்த உயர்வில் திரைக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. திரையின் பங்கை அளந்து 2000இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வின் புள்ளிவிவர வலிமையைச் சிலர் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் பெண்கள் கூடியதால் இசை கெட்டுப்போயிற்று என்று யாரும் புகார் சொன்னதில்லை. என்னுடைய தயக்கம் வேறு: திரை வாசலில் மட்டுமே உதவும். உள்ளே போன மறுநாளிலிருந்து அவர் தன் முகத்தோடும் உடலோடும் குடும்பத்தோடும்தான் வேலை பார்க்க வேண்டும். அங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மாற்றுவதற்குத்தான் இருக்கிறது.

சில சமயம் விண்ணப்பப் படிவமே கதவை மூடிவிடும். எலா பட் 1972இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கான 'சேவா' அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது, உங்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லையே, யாரை எதிர்த்துப் போராடுவீர்கள் என்று அதிகாரிகள் தடை சொன்னார்கள். சுமை தூக்குபவர்களும் தெருவில் விற்பவர்களும் வீட்டிலிருந்தே தைப்பவர்களும் உழைப்பாளிகள் என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியவில்லை. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டுமல்ல, உழைப்பவர்கள் ஒன்றுசேர்வதற்காகவும்தான் என்று வாதாடி அவர்கள் அதே ஆண்டில் பதிவு பெற்றார்கள்.

உள்ளே வந்தவர்களின் தலையில் ஏற்றப்படும் கூலியில்லாச் சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தால் கூட்டக் குறிப்பை அவர்தான் எழுதுவார். மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தால், கட்டடத்தில் என்னென்ன குறை என்று சுற்றிப் பார்த்து அறிக்கை தருவதும், புதியவர்களுக்கு உணர்வூட்டும் வகுப்பு எடுப்பதும், பார்வையாளர் வந்தால் பேசுவதும் அவர் பொறுப்பாகிவிடும். சொந்த வேலையோடு இவ்வளவையும் செய்துவிட்டு, பதவி உயர்வின்போது "முக்கியத் திட்டங்களில் பங்களிப்பு குறைவு" என்ற வரியை வாங்கிக்கொள்வார். இந்த வேலைகள் அவசியமானவை என்றால், அவற்றுக்கு நேரம் ஒதுக்கி, வேறு வேலையைக் குறைத்து, மதிப்பீட்டிலும் சேர்க்க வேண்டும். அவசியமில்லை என்றால் யாரிடமும் கேட்கக் கூடாது.

நான் தொடக்கத்தில் சொன்ன அளவுகோலில் ஓர் ஆபத்து இருப்பதை மறைக்க விரும்பவில்லை. எந்த வேலை நிற்கும் என்று மட்டும் கேட்டால், வேலையே செய்ய முடியாதவர் கணக்கில் வராமல் போய்விடுவார். ஷெர்லியின் ஒரே மகன் கடுமையான ஆட்டிசம் உடையவர். 1998இல் 35 வயதில் இறக்கும்வரை பிறருடைய பராமரிப்பு தேவைப்பட்டவர். தன் செல்வத்தின் பெரும்பகுதியை ஷெர்லி ஆட்டிசம் தொடர்பான பணிகளுக்கே கொடுத்தார். அவர் மகனைப் போன்றவர்களுக்கு ஒரு சமூகத்தில் பங்கு என்பது என்ன?

பெல்ஜியத்தின் ஹேல் நகரம் இந்தக் கேள்வியோடு பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருகிறது. மனநோயாளிகளின் காவலராக வணங்கப்படும் புனித டிம்ஃப்னாவின் ஆலயத்துக்குக் குணம் தேடி வந்தவர்களை, மத்திய காலத்திலிருந்தே அவ்வூர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்தன. 1930களில் அப்படித் தங்கியிருந்தவர்கள் 3,700க்கும் மேல். இன்று எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும் வழக்கம் நின்றுவிடவில்லை. குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை உண்டு. வருபவருக்கு இன்ன நோய் என்று குடும்பத்தாரிடம் பொதுவாகச் சொல்வதில்லை. அவருடைய இயல்பும் பழக்கங்களும் தெரிந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். முடிந்தவர் வீட்டு வேலையில் கைகொடுப்பார், முடியாதவர் சும்மா இருப்பார். சாப்பாட்டு மேசையில் அவர் இடம் காலியாக இருந்தால் உடனே கேட்பார்கள். "யார் அவரைத் தேடுவார்கள்" என்று தொடக்கத்தில் நான் கேட்ட தேடல் இதையும் சேர்த்துத்தான்.

கடைசியாக, அர்த்தமுள்ள வேலை என்ற பேச்சு. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இருவர் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மேலாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். ஒரே வேலையைச் செய்தவர்களில் சிலர் அதைத் துடைப்பது, பெருக்குவது என்றே பார்த்தார்கள். வேறு சிலர் நோயாளியோடும் உறவினரோடும் பேசி, நோயாளி குணமடைவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று கருதி வேலை செய்தார்கள். உண்மையான, அழகான கண்டறிதல். ஆனால் அதைக் காட்டி, அர்த்தத்தை அவரவர் மனத்திலேயே தேடிக்கொள்ளுங்கள் என்று பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நோயாளி இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று கவனித்த துப்புரவுப் பணியாளருக்கு, அதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். சொன்னதைக் குறித்துக்கொள்ளச் செவிலியர் ஒருவர் வேண்டும். அறைக்கு இத்தனை நிமிடம் என்று விரட்டாமல், அந்தக் கவனிப்புக்கும் சேர்த்துக் கணக்கிட்ட ஊதியமும் வேண்டும். கலந்தாய்வுகளில் இதைச் சொல்லும்போது முதல் இரண்டுக்கும் தலையசைப்பவர்கள், மூன்றாவது வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே இப்போதெல்லாம் நான் ஊதியத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.