ஓ.டி.பி. வரும் நேரத்தில்தான் பிள்ளைக்கும் வரும்

வீட்டிலிருந்தே போனில் காப்பீடு விற்கிறவன் நான். 42 நிமிடம் பேசியிருக்கிறேன் சார். திருநெல்வேலிக்காரர். குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு எடுக்கச் சம்மதித்துவிட்டார். அம்மாவின் சர்க்கரை, பி.பி., பழைய நோய்க்கு அதிகபட்சம் 3 வருடக் காத்திருப்பு, அறை வாடகை வரம்பு என்று எல்லாம் சொல்லி முடித்து ஓ.டி.பி.க்காகக் காத்திருக்கிறோம். கதவு படாரென்று திறக்கிறது. "அப்பா, ஆய் போயிட்டேன், கழுவி விடு!"

அவர் சிரித்துவிட்டார். "முதல்ல பிள்ளையப் பாருங்க தம்பி, அப்புறம் கூப்பிடுங்க." நல்ல மனுஷன். ஆனால் நான் கை கழுவித் திரும்புவதற்குள் கால்களைப் பிரித்துக் கொடுக்கும் டயலர் மென்பொருள் அந்த வாடிக்கையாளரை வேறு யாருக்கோ தள்ளிவிட்டது. மாலையே பாலிசி போட்டாகிவிட்டது, கமிஷன் அந்தப் புண்ணியவானுக்கு. எனக்கு வந்தது கால் ரெக்கார்டிங் கேட்பவர்களின் மெயில்தான்: பின்னணி இரைச்சல், மார்க் குறைப்பு. நாலு வயசுப் பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் இரைச்சலாம்!

சேரும்போது என்ன சொன்னார்கள்? வீட்டிலிருந்தே வேலை, உங்கள் நேரம், வருமானத்துக்கு எல்லையே இல்லை. எல்லை இல்லாதது உண்மைதான், கீழ்ப்பக்கமும் இல்லை. அடிப்படைச் சம்பளம் கிடையாது. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. ஊருக்கெல்லாம் மருத்துவக் காப்பீடு விற்கிற எனக்கு கம்பெனி தரப்பில் ஒரு காப்பீடும் இல்லை. ஆனால் 9.30க்கு லாகின், தினம் 3 மணி நேர டாக் டைம், அதாவது போனில் பேசிய நேரம், சாப்பாட்டுக்கு 1 மணிக்கு அரை மணி நேரம். கமிஷன் ஆள் என்றால் என் நேரம் என்னுடையது. நேரம் உங்களுடையது என்றால் சம்பளம் கொடுங்கள். இரண்டில் ஒன்று!

டாக் டைம் வேண்டுமானால் அந்தப் பக்கம் யாராவது போனை எடுக்க வேண்டுமே. 140ல் தொடங்கும் நம்பரைப் பார்த்தாலே விளம்பர கால் என்று எல்லோருக்கும் தெரியும். நானே எடுக்க மாட்டேன். 100 நம்பர் போட்டால் பெரும்பாலும் ஆர்.என்.ஆர்., மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்; மீதியில் பாதி திட்டு. அந்த மணி நேரங்களுக்கு ஒரு பைசா கிடையாது.

சரி, ஒன்று விற்றுவிட்டோம், நிம்மதியா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். அது அவர் உரிமை, இருக்கத்தான் வேண்டும். பொய் சொல்லி விற்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் நான் ஒழுங்காகச் சொல்லி விற்றதை, மச்சான் ஏதோ சொன்னார் என்று 26ஆம் நாள் திருப்பினால், எனக்கு வந்த கமிஷன் அடுத்த மாதம் அப்படியே பிடித்தம். போன மாதம் இரண்டு பாலிசி அப்படிப் போனது. ஸ்கூல் ஃபீஸ் கட்டிய பணம் அது. ஸ்கூல்காரர்கள் திருப்பித் தருவார்களா?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது. மக்களுக்கு நல்லது. எங்களுக்கு? இனி விற்பது சுலபம் என்று டார்கெட்டை ஏற்றினார்கள். அதே வரிக் கணக்கைக் காட்டி, கமிஷன் விகிதத்தை இறக்கினார்கள். எப்படித்தான் இரண்டும் ஒரே மீட்டிங்கில் வாயில் வருகிறதோ.

மனைவி நர்ஸ், காலை ஷிஃப்ட். அவள் நின்றே கழிக்கிற நாளைப் பார்த்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களைச் சொல்கிறேன். சிலிண்டர் வந்தால் நான், எதிர் வீட்டு கூரியருக்கு நான், மாடித் தண்ணீர் மோட்டாருக்கு நான். "நீங்க வீட்லதானே சார் இருக்கீங்க?" மாமனாரோ இரண்டு வருடமாக, "மாப்பிள்ளை எப்ப வேலைக்குப் போவாரு?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்று ஸ்கூல் வேன் 12.40க்கு வந்தது. பிள்ளையைத் தனியாக இறக்கிவிட மாட்டேன் என்கிறார் டிரைவர், அவர் சொல்வது நியாயம். ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி, அவனைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தால் டீம் லீடரின் மெசேஜ்: "ப்ரோ, 7 நிமிஷம் ஐடில் காட்டுது. எனி ரீசன்?"

ரீசன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.