ஒரே கலைஞர் பல மேளக் குழுக்களில் வாசிப்பது மோசடியன்று

மதுரை வட்டாரத் திருவிழாக்களில் ஒரே பம்பைக் கலைஞர் வெவ்வேறு நையாண்டி மேளக் குழுக்களுடன் நிற்கும் படங்களை இணைத்து, ‘இவை போலிக் குழுக்கள், முன்பணம் கொடுக்காதீர்கள்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்பப்படும் செய்தி தவறானது.

நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை சேர்ந்ததே நையாண்டி மேள ‘செட்டு’. அதை நடத்துபவர் ஊராரிடம் முன்பணம் பெற்று விழா நாளுக்கு வர ஒப்புக்கொள்கிறார். வாசிப்பவர்களை அந்தந்த நிகழ்ச்சிக்கு அழைத்துக்கொள்கிறார். பங்குனி முதல் வைகாசி வரை மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் விழாக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதால், ஆள் குறையும் செட்டுக்கு வேறு செட்டுக் கலைஞர் கைகொடுப்பது இத்தொழிலின் வழக்கம்.

சிறுவயதில் தாளம் போடத் தொடங்கி, தமுக்குக்கும் பம்பைக்கும் மாறி, பிறகு தவிலைக் கைக்கொண்டு, கரகாட்டத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் பல ஆசான்களின் பின்னால் நின்று வாசித்து, வாய்ப்பிருந்தால் முதுமையில் சொந்தமாகச் செட்டு நடத்தும் ஒருவருக்கு, அவர் கடந்துவந்த குழுக்களே பள்ளிக்கூடம். ஆட்டக்காரரின் காலடியைக் கவனித்து நொடியில் தாள நடையை மாற்றும் திறமை, ஒரே குழுவுக்குள் இருந்துவிட்டால் எளிதில் வாய்க்காது என்பது என் உறுதியான கருத்து.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் கலைஞர்களைத் தனித்தனியாகவே உறுப்பினராகப் பதிவு செய்கிறது. ஐயமுள்ள விழாக் குழுவினர் அந்த அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கலைஞரின் சித்திரை மாதப் பிழைப்பைக் கெடுக்கும் அந்தப் படங்களைப் பகிர வேண்டாம்.